டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸில் லினக்ஸ்: நான்கு நாள் தின்ற கெர்னல் பேனிக்

டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர். வெளி நிரல்களை ஓட்ட விடும் என்ட்லெஸ் என்ற மென்பொருளைப் போட்டதும் அதில் லினக்ஸ் லோடர் ஓடியது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலும் ஏறியது. பிறகு 'ரூட் எஃப்எஸ் மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் (0,0)' என்று கெர்னல் பேனிக்கில், அதாவது மீள முடியாத பிழையில், நின்றுவிட்டது. ரூட் எஃப்எஸ் என்பது சிஸ்டத்தின் முதன்மைக் கோப்பு அமைப்பு.

அது இருந்த பென் டிரைவைத்தான் முதலில் சந்தேகித்தேன். அதன் கோப்பு அமைப்பு வகையை இஎக்ஸ்டி4-லிருந்து இஎக்ஸ்டி2-க்கு மாற்றினேன். பென் டிரைவை இணைக்கும் ஓடிஜி கேபிள், தனி மின்சாரம் உள்ள ஹப் என்று எல்லாம் மாற்றினேன். பலன் இல்லை. கோளாறு, துவக்கத்தில் கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் இருந்தது. யுஎஸ்பி டிரைவைக் கண்டுபிடிக்கச் சில நொடி ஆகும்; அதற்குள் கெர்னல் ரூட்டைத் தேடிவிடுகிறது. ரூட் பார்ட்டிஷன் பெயருக்குப் பின் 'ரூட்வெயிட்' (ரூட் டிரைவ் வரும்வரை காத்திரு) சேர்த்ததும் மவுண்ட் ஆனது.

ஆனால் உடனே அடுத்த பேனிக்: 'இனிட்டைக் கொல்ல முயற்சி', எக்ஸிட் கோட் 4. இனிட் என்பது கெர்னல் முதலில் ஓட்டும் நிரல். பலரும் இந்த எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். 4 என்பது சிக்இல் சிக்னல், அதாவது பிராசசருக்குப் புரியாத கட்டளை. நான் ஏற்றியிருந்தது புதிய ஆர்ம் பிராசசர்களுக்கான ஆர்ம்எச்எஃப் வகை ரூட் எஃப்எஸ். அதற்கு ஆர்ம்வி7-உம் மிதவைப்புள்ளி (தசம எண் கணக்கு) வன்பொருளும் வேண்டும். கால்குலேட்டரில் இருப்பதோ ஆர்ம்926, பழைய ஆர்ம்வி5 வகை. அதில் மிதவைப்புள்ளி யூனிட்டே கிடையாது. நிரல் கோப்பின் விவரம் காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையை '-A' (பெரிய எழுத்து) கொடுத்து, ரூட் எஃப்எஸ்ஸில் உள்ள பிஸிபாக்ஸ் நிரல் மேல் ஓட்டினால் இது ஒரே வரியில் தெரிந்துவிடும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை.

ரூட் எஃப்எஸ் உருவாக்கும் கருவியான பில்ட்ரூட்டில் ஆர்ம்926டி, சாஃப்ட் ஃப்ளோட் (மிதவைப்புள்ளியை மென்பொருளிலேயே கணக்கிடுவது) தேர்ந்து மறுபடி உருவாக்கினேன். 64 எம்பி ரேம்தான் என்பதால் டிரைவிலேயே ரேமுக்குத் துணையாக ஒரு ஸ்வாப் பார்ட்டிஷனும் வைத்தேன். 320×240 திரையில் லாகின் வரி வந்துவிட்டது. அப்பாடா!