அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குப் புதுநன்மை: முதல் அடியிலிருந்து

"மந்திரம் சொல்லத் தெரியாது, கேள்வி கேட்டால் பதில் வராது" என்று சொல்லியே இருபது வயது தாண்டியும் புதுநன்மை (பூசையில் முதல்முறை நற்கருணை அப்பம்) வாங்காத பிள்ளைகள் நம் கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு தேவையில்லை. திருச்சபைச் சட்டம் 913 அவரவர் திறனுக்கேற்ற புரிதலைத்தான் கேட்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அருள்சாதனங்களை (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை) யாரும் மறுக்க முடியாது என்று 2020இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டியும் சொல்கிறது. தயக்கமில்லாமல் ஆரம்பியுங்கள்.

1. பங்குத்தந்தையைப் பாருங்கள்

ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் வேண்டாம், வார நாளில் போங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழைக் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்பதையும் சொல்லுங்கள். இன்னும் திருமுழுக்கே ஆகவில்லையா? புரிந்துகொள்ளும் நிலையே இல்லாதவரைச் சட்டம் 852 குழந்தையைப் போலவே கருதுகிறது. ஓரளவு புரிகிற பிள்ளை என்றால் அதன் விருப்பத்தைக் கேட்டே ஆக வேண்டும். வயது 14 நிறைந்திருந்தால் பங்குத்தந்தை ஆயருக்கு (மறைமாவட்டத் தலைவருக்கு) தெரிவிப்பார்.

2. படப் புத்தகம் செய்யுங்கள்

கடையில் விற்கும் படங்களைவிட உங்கள் கோயிலின் படங்களே நல்லது. சேலம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயமோ, ஏற்காட்டு எஸ்டேட் சிற்றாலயமோ, எங்கே போவீர்களோ அங்கேயே போனில் எடுங்கள். வாசல், பீடம், நற்கருணைப் பேழை, உங்கள் சாமியார் (பங்குத்தந்தை) முகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரே ஒரு வரி. தினமும் இரவு ஜெபத்துக்கு முன் புரட்டுங்கள்.

3. ஆளில்லாத நேரத்தில் கோயிலுக்குப் போங்கள்

முதலில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்து சிலுவை அடையாளம். பிறகு கூட்டம் குறைந்த வார நாள் பூசை. ஒலிபெருக்கியும் மணியும் சில பிள்ளைகளை உலுக்கிவிடும். அதனால் ஸ்பீக்கருக்குத் தள்ளி, வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். வெளியே போக வேண்டுமென்றால் போய்விட்டு வரலாம், அதில் தப்பே இல்லை.

4. அப்பம்

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். அர்ச்சிக்கப்படாத, அதாவது பூசையில் இன்னும் இயேசுவின் உடலாக ஆக்கப்படாத, அப்பம் கொஞ்சம் சாமியாரிடமோ கன்னியர் மடத்திலோ கேட்டு வாங்குங்கள். மெல்லிய அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சில பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். நகத்தளவு துண்டில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். பழக்கம் எப்போதும் சாப்பாட்டு மேசையில்தான், பீடத்தின் முன் வேண்டாம். "இது பழகுற அப்பம். கோயில்ல சாமியார் தர்றது இயேசு சாமி" என்று ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

புரிந்ததா என்று எப்படி அறிவது? சாதாரண உணவு வேறு, இது வேறு என்று அந்தப் பிள்ளை தன் வழியில் காட்டினால் போதும் என்பேன். பிஸ்கட் படத்தையும் நற்கருணைப் படத்தையும் வைத்து "இயேசு சாமி எது?" என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும், அல்லது கை குவிக்கும். நற்கருணை நேரத்தில் தானாக அமைதியாகிற பிள்ளைகளும் உண்டு. அதுவும் பதில்தான்.

அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்கு அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசம் மட்டும் கொடுக்கச் சட்டம் 925 இடம் தருகிறது. முன்கூட்டியே சாமியாரிடம் பேசி வையுங்கள்.

5. பாவசங்கீர்த்தனம்

செய்த தப்பைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் இது. சாமியார் முன்னால் உட்கார்ந்து, அழும் முகம், சிரிக்கும் முகம் என இரண்டு படங்களைக் காட்டினால்கூடப் போதும். பாவம் என்றால் என்னவென்றே புரியாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

6. அந்த நாள்

வெள்ளை உடையின் லேஸ் குத்தும். முன்பே துவைத்து, வீட்டில் சிலமுறை போட்டுப் பழக்குங்கள். ஏற்காடு என்றால் உள்ளே பனியன் போட்டுவிடுங்கள். மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க முடிந்தால் அதுதான் அழகு. முடியாவிட்டால் சிறிய பூசையில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உறுதிபூசுதலும் (நெற்றியில் எண்ணெய் பூசித் தரும் அருள்சாதனம்) வருகிறதென்றால், ஆயரின் உயரமான தொப்பியைப் படத்தில் காட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெயால் நெற்றியில் சிலுவை வரைந்து பழக்குங்கள். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ பிள்ளைக்கு ஏற்கெனவே நெருங்கியவராக இருக்கட்டும். தோளில் கை வைத்து நிற்கப்போவது அவர்தான்.

அடுத்த வாரமே சாமியாரிடம் போய் ஒரு வேலை கேளுங்கள்: காணிக்கைத் தட்டு, பாட்டுப் புத்தகம் கொடுப்பது, எதுவானாலும் சரி.