கூத்து வாத்தியாரின் வாழ்க்கையை எழுதிவைக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாழ்நாள் முழுவதும் ஆடியும் ஆடக் கற்றுக்கொடுத்தும் முதுமை எய்திய தெருக்கூத்து வாத்தியார் ஒருவரின் வாழ்க்கையை எழுத விரும்புகிறவர், கேள்விப் பட்டியலோடு போகாமல், அவரிடம் கற்கும் பையன் ஒருவனையும் மிருதங்கக்காரரையும் உடன் அழைத்துப் போக வேண்டும். பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் முதல் நாள் அவர் பிறந்த ஆண்டையும் அவருடைய குருவின் பெயரையும் கேட்டேன். நாலு வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிட்டது. மறுவாரம் ஒரு பையனை அடவு போடச் சொன்னபோது, கால் பிசகிய இடத்தில் அவரே எழுந்து வந்து திருத்தினார். அந்த அடவைத் தமக்குச் சொல்லித் தந்தவர் யார், அதற்காக வாங்கிய அடி எத்தனை, எந்த ஊர்க் களத்தில் அது முதன்முதலாகக் கைகூடியது என்பதெல்லாம் கேட்காமலே வந்தன.

திருவிழாக் காலத்தில் விடிய விடிய ஆடுகிறவரைப் பகலில் எழுப்பக் கூடாது, மழைக்காலமே ஏற்றது.

ஆண்டுகளை நேராகக் கேட்பதைவிட, அவர் பெட்டியில் வைத்திருக்கும் பழைய கூத்து நோட்டீசுகளைப் பாருங்கள். ஆண்டு அச்சிடப்படாத நோட்டீசில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் 'சேலம் மாவட்டம்' என்றிருந்தால், அது பெரும்பாலும், சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 1965 அக்டோபர் 2-க்கு முந்தையது. 'தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால், அந்த நாளுக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 பிப்ரவரி 9-க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம்.

அடுத்து வேடப்பொருள்களுக்கு வாருங்கள். கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் அதைச் செதுக்கியவர் யார், கண்ணாடித் துண்டு பதித்தவர் யார், இறுகக் கட்டிய கயிறு உடம்பில் எங்கே வலித்தது என்று கேளுங்கள். இளமையில் பெண் வேடம் கட்டியவரானால், எந்த வயதில் யார் சொல்லி அதை விட்டார் என்பது தனி அத்தியாயத்துக்கு உரியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வழங்குவதால், எந்த மொழியில் பாட்டு, எந்த மொழியில் வசனம் என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியராக அவரை அறிய, மாணவர் எண்ணிக்கையைவிட, யாருக்கு எந்த வேடத்தைக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார், ஏன் என்பதே உதவும். அவருடைய மனைவியிடம் தனியாகப் பேசுவதை நான் மிகவும் வற்புறுத்துவேன். கணவர் ஊர் ஊராகப் போன மாதங்களில் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான், ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பங்கு பிரித்து வந்த பணம் எத்தனை நாளைக்குப் போதும் என்பதும் அவருக்கே தெரியும்.

எழுதி முடித்ததும், மாணவர்களும் கூடியிருக்கும் ஒரு மாலையில் முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவதைத் திருத்தி, நீக்கச் சொல்வதை மறு பேச்சின்றி நீக்கி, ஒரு படியை அவரிடமும் இன்னொன்றை ஜமாவின் கிரீடப் பெட்டியிலும் வைத்துவிட வேண்டும்.