கருக்கலைப்புச் சட்டமூலம் வந்தால் நம்ம ஆஸ்பத்திரிகளுக்காக என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு நம்ம இலங்கையில் வருவதும் அடங்குவதும் புதிதில்லை. 1995இல் பாராளுமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது. வன்புணர்வால் உண்டான கர்ப்பத்துக்கும், பிறந்தாலும் பிழைக்காத சிசுவுக்கும் விலக்குக் கொடுக்க 2017இல் அமைச்சரவை சம்மதித்தும் எதிர்ப்பில் நின்றுபோனது. அதனால் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுதான் இன்றைக்கும் நடப்பு, தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் தவிர மற்றதெல்லாம் குற்றம். அடுத்த வரைவு வரும்போது ஆதரவா எதிர்ப்பா என்று சண்டை பிடிக்க நிறையப் பேர் இருப்பார்கள். நம்ம கிழக்கில் வாகரையிலும் பொத்துவிலிலும் இருக்கிற பெண்ணுக்கு அது எட்டுமா என்பதை நாம்தான் கேட்கவேண்டும்.

வரைவு வர்த்தமானியில் தமிழிலும் வரும், அதையே எடுங்கள், பத்திரிகைச் சுருக்கத்தை நம்பவேண்டாம். பேனாவோடு உட்கார்ந்து யார் கையெழுத்து, எத்தனை வாரம், எந்த ஆஸ்பத்திரி என்று வருகிற இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள்.

'இரண்டு விசேட வைத்திய நிபுணர்கள் சான்றளிக்கவேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பாதுகாப்பு என்ற வகையில் நல்லதுதான். ஆனால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சாத்தியமாவது ஒரு சின்னப் பிரதேச வைத்தியசாலையில் சாத்தியமில்லை, பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆகவே கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளின் நிபுணர்களும் கையெழுத்திட முடியுமா, இரண்டாமவர் லீவில் இருந்தால் யார், எத்தனை நாளுக்குள் முடிவு, ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வாரக்கணக்கில்தான் பெரிய ஓட்டை இருக்கும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் வழமையாக 18 முதல் 22 வாரத்துக்குள். 21ஆவது வாரத்தில் திகதி கிடைத்து, சந்தேகம் வந்து, இன்னொரு ஸ்கேனுக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பி, அப்புறம் கையெழுத்துக்குக் காத்திருந்தால், 22 வாரம் என்று எழுதிய சட்டம் அந்தத் தாய்க்கு இல்லாத சட்டம்தான். இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் 24 வார எல்லை கிடையாது. அந்தக் குழுவில் மகப்பேற்று நிபுணர், குழந்தை நல நிபுணர், ஸ்கேன் பார்ப்பவர் மூவரும் இருக்கவேண்டும். அப்படியொரு குழுவைக் கிழக்கிலேயே அமைக்கச் சொல்லுங்கள்.

'உயிருக்கு ஆபத்து' என்பதை எப்போது ஆபத்தாக எடுப்பது என்றும் எழுதச் சொல்லுங்கள். 2012இல் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல்வைத்தியர் 17 வாரக் கர்ப்பத்தில், கரு தங்காது என்று தெரிந்தும், சிசுவின் இதயத் துடிப்பு இருக்கிறதென்று காத்திருந்ததில் இரத்தத்தில் கிருமி பரவி இறந்துபோனார். பெரும்பாலும் வைத்தியர்கள் தயங்குவது கெட்ட மனதால் இல்லை, ஜெயிலுக்குப் பயந்துதான். கிருமித்தொற்று, அதிக இரத்தப்போக்கு என்று பெயர் சொல்லி எழுதினால் அவர்களுக்கும் தைரியம் வரும். மனச்சாட்சிப்படி செய்யமாட்டேன் என்கிற வைத்தியர் உடனே இன்னொருவரிடம் அனுப்பவேண்டும், அவசரத்தில் விலகக்கூடாது என்பதும் வேண்டும்.

அம்பாறை நகர ஆஸ்பத்திரிக்குப் போன நம்ம ஆட்களுக்கு மொழிக் கஷ்டம் தெரியும். சம்மதப் படிவம் தமிழில் இருக்கவேண்டும், விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் கணவனோ மாமியாரோ ஊர்க்காரரோ ஆகக்கூடாது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான இடம் இது. பெயர் வெளியே போனால் தண்டனை என்ற வரி இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் வாசற்படி ஏறமாட்டாள்.

சரி, கடிதம். ஒரு பக்கம் போதும். வரைவின் பிரிவு இலக்கம், நம்ம ஊர் நிலைமை, நீங்கள் கேட்கும் மாற்று வசனம், இந்த மூன்றும் இருந்தால் சரி. நீதி அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் முதலில் காட்டுங்கள், எந்த ஆஸ்பத்திரியில் என்ன இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

சட்டம் எப்போது மாறினாலும், யாருக்காவது கருச்சிதைவுக்குப் பின் இரத்தம் நிற்காமல் போனாலோ காய்ச்சல், கெட்ட வாடை இருந்தாலோ, எப்படி நடந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.