ரிப்போர்ட் போயாச்சு, முடிவு வந்ததா? ஸ்டேக்ஹோல்டர்களோடு பேசும் முறை

ஒரு ஸ்டேக்ஹோல்டருக்கு, அதாவது ப்ராஜெக்ட்டில் முடிவெடுக்கிற அல்லது அதனால் பாதிக்கப்படுகிற ஒருவருக்கு, மெயில் எழுத உட்காரும்போது நான் யோசிப்பது ஒன்றைத்தான்: இதைப் படித்துவிட்டு இவர் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த மெயில் பெரும்பாலும் போக வேண்டிய அவசியமே இல்லை.

சம்பளம், கணக்கு, சரக்கிருப்பு என்று பழைய மென்பொருளிலிருந்து புதியதுக்கு மாற்றும் ப்ராஜெக்ட்டுகள்தான் என் பிழைப்பு. தகவல் போய்ச் சேராமல் கெட்டுப்போன வேலைகளைவிட, தகவலெல்லாம் போய்ச் சேர்ந்தும் யாரும் முடிவெடுக்காமல் கெட்டுப்போனவைதான் இதில் அதிகம். 40 பக்க ரிப்போர்ட்டின் 27ஆம் பக்கத்தில் ஓர் அபாயத்தை எழுதிவிட்டு, பிறகு "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்றால் அது சொன்ன கணக்கில் வராது. யார், எந்த முடிவை, எப்போதைக்குள் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தால், எதை எழுதுவது, எதை ஃபோனில் சொல்வது, யாரை மீட்டிங்குக்குக் கூப்பிடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

ஸ்டேக்ஹோல்டர் பட்டியலில் யார் யார்?

ஸ்பான்சர் (ப்ராஜெக்ட்டுக்குப் பணமும் ஒப்புதலும் தரும் மேலதிகாரி), துறைத் தலைவர்கள், டீம் லீட், மென்பொருள் தரும் வெண்டர் ஆகியோர் யாருக்கும் உடனே ஞாபகத்துக்கு வருவார்கள். விட்டுப்போகிறவர்கள் வேறு. தகவல் பாதுகாப்புப் பிரிவு, ஆடிட்டர், கொள்முதல் பிரிவு, ஹெல்ப் டெஸ்க், அப்புறம் தினமும் அந்தத் திரையின் முன் உட்காரப்போகிற ஆள். இவர்களைப் பிடிக்க இரண்டு கேள்விகள் போதும்: "இது ஒரு நாள் நின்றுபோனால் முதல் ஃபோன் யாருக்கு வரும்?", "கடைசி வாரத்தில் வந்து 'இதை அனுமதிக்க முடியாது' என்று சொல்லக்கூடியவர் யார்?"

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். அவர் எடுக்க வேண்டிய முடிவு, இந்த மாற்றத்தால் அவர் இழப்பது, அவருக்கு ஃபோன் வசதியா மெயில் வசதியா என்பது. நடுவில் இருப்பதைத்தான் பலரும் எழுதுவதில்லை. பல வருடங்களாக ஓர் எக்செல் ஷீட்டை வைத்து மாதக் கணக்கை முடித்துத் தருகிறவர் ஒருவர் இருப்பார். புதிய மென்பொருள் அந்த வேலையைத் தானே செய்துவிடும். அவரிடம் போய் "இனி உங்க வேலை சுலபம்" என்று உற்சாகமாகச் சொன்னால், அவர் காதில் "இனி நீங்க வேண்டாம்" என்றுதான் விழும். பிறகு டெஸ்டிங்கில் அவர் ஒத்துழைக்கவில்லை என்று குறைபடுவதில் அர்த்தமில்லை. அந்த ஷீட்டில் இருக்கும் விதிவிலக்குகள் அவருக்கு மட்டும்தான் தெரியும். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று பட்டியல் போடும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். மரியாதைக்காகக் கொடுக்கச் சொல்லவில்லை, அந்தப் பட்டியல் உண்மையிலேயே உங்களுக்குத் தேவை.

ஆப்ரி மெண்டலோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதிகாரம்–ஆர்வம் கட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிகாரமும் ஆர்வமும் அதிகமுள்ளவரை நெருக்கமாகக் கவனி, அதிகாரம் மட்டும் இருப்பவரைத் திருப்தியாக வை, ஆர்வம் மட்டும் இருப்பவருக்குத் தகவல் கொடு, இரண்டும் குறைவானவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள். தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் ஒருமுறை வரைந்து ஸ்லைடில் ஒட்டிவிட்டால் அது பொய்யாகிவிடும். ஏனென்றால் ஆட்கள் கட்டம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தொடக்கத்தில் 'அதிகாரம் குறைவு' என்று போட்ட சம்பளப் பிரிவு ஊழியர், கோ-லைவுக்கு (புதிய மென்பொருள் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு) முந்தைய வாரம் "தொகை ஒத்துப்போகலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஸ்பான்சரே நின்றுவிடுவார். ப்ராஜெக்ட்டின் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அதைத் திரும்ப வரையுங்கள். அப்புறம், அதை யார் கண்ணிலும் படும்படி பொது ஃபோல்டரில் வைக்காதீர்கள். தன் பெயரை 'ஓரக்கண்' கட்டத்தில் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

பட்டியல் நீளமானதும் எல்லோரையும் எல்லா மீட்டிங்குக்கும் கூப்பிடத் தோன்றும். 6 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 15 வழிகள், 12 பேர் என்றால் 66. ஆள் இரட்டிப்பானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. முடிவெடுக்கிறவர்களை மட்டும் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு முடிவை அனுப்புங்கள்.

வாராந்தர ரிப்போர்ட்

ஒரு பக்கம் போதும். முதல் வரியில் தேதி நிற்கிறதா இல்லையா என்பது. இரண்டாவதாக, படிப்பவரிடமிருந்து என்ன வேண்டும் என்பது. ஒன்றும் வேண்டாம் என்றால் 'இந்த வாரம் உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை' என்றே எழுதுங்கள். மேலதிகாரிகளுக்கு இந்த வரியைப் போல் பிடித்த வரி வேறில்லை, அடுத்த வாரம் 'தேவை' என்று எழுதும்போது உடனே கவனிக்கிறார்கள். அதற்குக் கீழே போன வாரத்திலிருந்து மாறியவை, பெரிய அபாயங்கள். மீதியெல்லாம் இணைப்பில்.

வேலையின் நிலையைக் காட்ட ரிப்போர்ட்டில் போடும் பச்சை, மஞ்சள், சிவப்பு விஷயத்துக்கு வருவோம். வெளியே பச்சை, வெட்டிப் பார்த்தால் சிவப்பு என்று இருக்கும் ரிப்போர்ட்டை இந்தத் தொழிலில் தர்பூசணி ரிப்போர்ட் என்பார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுவதில்லை. டெவலப்பர் 'கொஞ்சம் சிக்கல்' என்கிறார், லீட் அதை 'சமாளிக்கலாம்' என்கிறார், மேனேஜர் 'கட்டுக்குள் உள்ளது' என்று எழுதுகிறார். சிவப்பு போட்டால் திட்டு விழும் என்கிற இடத்தில் இது நடந்தே தீரும்.

இதற்கு நான் செய்வது, முதல் வாரத்திலேயே நிறங்களுக்கு அர்த்தம் சொல்லி ஸ்பான்சரிடம் ஒப்புதல் வாங்கிவிடுவது. தேதி, செலவு, ஸ்கோப் (செய்ய வேண்டிய வேலைகளின் அளவு) மூன்றும் ஒப்புக்கொண்ட எல்லைக்குள் இருந்தால் பச்சை. எல்லை தாண்டப் பார்க்கிறது, ஆனால் மீட்கும் வழி டீமின் கையில் இருக்கிறது என்றால் மஞ்சள். டீமுக்கு வெளியே ஒருவர் முடிவெடுத்தால்தான் மீட்க முடியும் என்றால் சிவப்பு. இப்படி வைத்துக்கொண்டால், சிவப்பைப் பார்த்ததும் ஸ்பான்சர் 'யார் தப்பு' என்று கேட்பதற்கு முன் 'நான் என்ன முடிவெடுக்கணும்' என்று கேட்பார். எப்போதும் இல்லை, பெரும்பாலும்.

'90 சதவீதம் முடிந்தது' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். மிச்சம் 10 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று அதிலிருந்து யாருக்கும் தெரியாது. '12 அறிக்கைகளில் 9க்குப் பயனர்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள், 3 பாக்கி, அதில் ஒன்று வருமான வரி அறிக்கை' என்று எழுதினால் எங்கே கவலைப்பட வேண்டும் என்பது தெரிகிறது.

ஒரு மெயில், இரண்டு விதமாக

ஒரு மாதிரிக்கு, சாதாரணமாக வரும் மெயில் இப்படி இருக்கும்:

"டேட்டா மைக்ரேஷன் பணிகள் தீவிரமாக நடைபெற்று வருகின்றன. மூலத் தரவில் சில குறைபாடுகள் கண்டறியப்பட்டுள்ளன. சம்பந்தப்பட்ட குழுக்களுடன் இணைந்து செயல்பட்டு வருகிறோம். காலக்கெடுவில் சிறிது தாக்கம் இருக்கலாம். தங்கள் மேலான ஆதரவை எதிர்நோக்குகிறோம்."

பூசி மெழுகிய ஐந்து வாக்கியங்கள். இதற்கு வரக்கூடிய ஒரே பதில் "நன்றி, தொடரவும்". இதே விஷயத்தை மனிதவளத் தலைவருக்கு நான் எழுதினால், சப்ஜெக்ட் வரியே 'வியாழன் மாலைக்குள் முடிவு தேவை: 310 பேரின் வங்கிக் கணக்கு எண்' என்று இருக்கும். உள்ளே:

"மேடம், 4,000 ஊழியர் பதிவுகளில் 310இல் வங்கிக் கணக்கு எண் முழுதாக இல்லை. இப்படியே ஏற்றினால் இவர்களுக்கு முதல் மாதச் சம்பளம் போகாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து சரிபார்ப்பது. தேதி மாறாது. இன்னொன்று, கோ-லைவை ஒரு மாதம் தள்ளுவது. பழைய மென்பொருளின் உரிமத்தை ஒரு மாதம் நீட்டிக்க வேண்டிவரும். நான் முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன். வியாழன் மாலைக்குள் நீங்கள் சொன்னால் திங்களன்று தொடங்கலாம். அதைத் தாண்டினால் முதல் வழிக்கு நாள் போதாது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வெறுமனே 'விரைவில் பதில் தரவும்' என்றால் அது எல்லா மெயிலிலும் இருப்பதுதான். வியாழனுக்குப் பிறகு ஒரு வழி மூடிவிடும் என்று தெரிந்தால்தான் வியாழனுக்கு மதிப்பு. பரிந்துரையும் கட்டாயம் வேண்டும். வழிகளை மட்டும் அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், உங்கள் வேலையையும் அவர் தலையில் வைத்ததாகிவிடும்.

கெட்ட செய்தி

கெட்ட செய்தியை ரிவ்யூ மீட்டிங்கில் முதல்முறையாகக் காட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் திகைத்துப்போன ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், முடிவெடுக்க மாட்டார். முந்தின நாளே ஃபோன். அது ஏறத்தாழ இப்படித்தான் போகும்:

"மேடம், நாளைக்கு ரிவ்யூவில் சம்பள மாட்யூல் சிவப்பா இருக்கும். நீங்க அதை அங்கே முதல் தடவையா பார்க்க வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்."

"போன வாரம் மஞ்சள்னுதானே போட்டிருந்தீங்க?"

"ஆமா. நேத்து பரிசோதனை ஓட்டத்துல ஓவர்டைம் தொகை பழைய கணக்கோட ஒத்துப்போகலை. காரணம் தெரிஞ்சுடுச்சு, ராத்திரி ஷிஃப்ட்டை நடுராத்திரியில ரெண்டு நாளாப் பிரிச்சுடுது. ஷிஃப்டை எந்த நாள் கணக்கில் வைக்கணும்னு உங்க பிரிவுதான் சொல்லணும். அப்புறம் சரிசெய்ய எவ்வளவு நாள்னு இன்னும் தெரியாது. புதன்கிழமை சொல்றேன்."

"புதன் காலையா, சாயங்காலமா?"

"சாயங்காலம் நாலு மணி."

தெரிந்தது, தெரியாதது, அவரிடமிருந்து வேண்டியது, தெரியாதது எப்போது தெரியும் என்பது. அவ்வளவுதான். வெண்டர் மேல் பழி போடவில்லை, 'கவலைப்படாதீங்க' என்றும் சொல்லவில்லை. புதன் நாலு மணிக்குப் பதில் கிடைக்காமலே இருந்தாலும் நாலு மணிக்குக் கூப்பிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின இரவு, பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் சரியாக அடைக்காது என்ற பயம். விவாதத்துக்குப் பிறகு அவர்கள் நிர்வாகமே அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் கண்டது என்னவென்றால், ஏவும் முடிவை எடுத்தவர்களுக்கு அந்த முதல் பரிந்துரை எழுத்தில் வந்திருந்ததே தெரியாது. மேலே போய்ச் சேர்ந்தது 'சரி' மட்டும்தான்.

நம் வேலைகளில் உயிர் போகாது என்றாலும் இதே வழியில்தான் செய்தி தேய்கிறது. அதனால் கோ-லைவ் ஒப்புதல் குறிப்பில் நான் எப்போதும் ஒரு பத்தி சேர்க்கிறேன்: யார் வேண்டாம் என்றார், என்ன காரணம் சொன்னார், ஏன் அதை மீறிப் போகிறோம். கையெழுத்துப் போடுகிறவர் அதைப் படித்துவிட்டுப் போடட்டும்.

மீட்டிங்கில் மௌனம்

மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. "எல்லாருக்கும் ஓகேவா?" என்று கேட்டால் எல்லோரும் மியூட்டில் தலையாட்டுவார்கள். பெயர் சொல்லி, துறை சொல்லிக் கேளுங்கள்: "பாதுகாப்புப் பிரிவு பக்கத்திலிருந்து இதைத் தடுக்கிற விஷயம் ஏதாவது உண்டா?" மினிட்ஸ் அன்றைக்கே போக வேண்டும். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், அவ்வளவு போதும். யார் என்ன பேசினார் என்பது வேண்டாம், அதைத் திருத்தச் சொல்லியே பத்து மெயில் வரும்.

லிஃப்டில் பிடித்து "இன்னும் ஒரு ரிப்போர்ட் மட்டும் சேர்த்துடுங்க, சின்ன வேலைதானே" என்பவர்கள் உண்டு. அங்கேயே சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். "எவ்வளவு ஆகும்னு பார்த்து நாளைக்குச் சொல்றேன் சார்." மறுநாள் மெயிலில்: இதைச் சேர்த்தால் டெஸ்டிங் ஒரு வாரம் தள்ளும், அல்லது இன்னொரு ரிப்போர்ட்டை அடுத்த கட்டத்துக்கு ஒத்திப்போடலாம், எது வேண்டும்? பாதிக் கோரிக்கைகள் இந்த மெயிலிலேயே அடங்கிவிடும்.

இரண்டு துறைத் தலைவர்கள் எதிரெதிராகக் கேட்டால் நடுவில் நின்று இருவருக்கும் தூது போகாதீர்கள். இருவர் கேட்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி, அவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று இருவரிடமும் உறுதிசெய்துகொண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஆளிடம் கொண்டுபோங்கள். யார் செய்வது, யார் பதில் சொல்வது, யாரிடம் ஆலோசிப்பது, யாருக்குத் தகவல் தருவது என்று பிரிக்கும் ரேசி (RACI) அட்டவணையில் ஒரு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கோ-லைவ் வாரத்தில் ரிப்போர்ட்டெல்லாம் ஒத்துவராது. தினமும் ஒரே நேரத்தில் நாலு வரிச் செய்தி போதும். ப்ராஜெக்ட் முடிந்த பிறகும் பழைய பழக்கத்தில் எல்லோரும் உங்களையே கூப்பிடுவார்கள். ஆகவே கடைசி மெயிலில் நன்றிக்கு முன்னால், எந்தப் பிரச்சினைக்கு யாரைக் கூப்பிட வேண்டும், முடிக்காமல் விட்டவை எவை, அவை ஒவ்வொன்றும் இனி யார் பொறுப்பு என்பதை எழுதுங்கள். பொறுப்பேற்கிறவரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுங்கள்.