சரிவு நிலத்துக்கு அரசிடம் வாடகை வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் நிலத்தின் சரிவான பகுதியை சி.ஆர்.பி. என்னும் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் விட்டிருக்கிறோம். அமெரிக்காவின் 1985 வேளாண் சட்டத்தில் வந்த திட்டம். 10 முதல் 15 ஆண்டுகள் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்த்தால் அரசு ஆண்டு வாடகை தரும்.

முதலில் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) எஃப்.எஸ்.ஏ. என்னும் அரசுப் பண்ணைச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள். பொதுச் சேர்க்கை, அதாவது எல்லோரும் சேர்ந்து விண்ணப்பிக்கும் முறை என்றால் போட்டி உண்டு: மண், நீர், காட்டுயிர்களுக்கு என்ன நன்மை என்று மதிப்பெண் போட்டு எடுப்பார்கள். வாடகையைக் குறைத்துக் கேட்டால் மதிப்பெண் கூடும். நல்ல விளைநிலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அதில் மக்காச்சோளம் போடுவதே மேல்!

விதைப்புச் செலவில் பாதி வரை திரும்ப வரும், ரசீதுகள் பத்திரம். வாடகை அக்டோபர் 1-க்கு அப்புறம்தான் வரும். மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடுகட்டும் காலம், புல்லை வெட்டக் கூடாது. ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால், வாங்கிய பணத்தை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.