எம்பிஏ மார்க்கெட்டிங்: இரண்டாம் ஆண்டில் எதை எடுப்பது?

"மேம், மார்க்கெட்டிங்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குள்ள எதை எடுக்கறது?" முதலாண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் காரைக்குடி வட்டாரத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நான் பள்ளத்தூர்க்காரி. எம்பிஏ முடித்த கையோடு ஒரு நுகர்பொருள் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசராகச் சேர்ந்து தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் லைன் போனேன், அதாவது கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தேன். அப்புறம் சென்னையில் சந்தை ஆய்வு வேலை. இப்போது ஊரோடு வந்து வகுப்பெடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எம்பிஏ இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். கணக்கு, புள்ளியியல், நிறுவன நடத்தை, மார்க்கெட்டிங் அடிப்படை எல்லாம் முதலாண்டில் எல்லோருக்கும் பொது. விருப்பப் பாடம் பெரும்பாலும் மூன்றாம் செமஸ்டரில்தான் வரும். பல பல்கலைக்கழகங்களில் பட்டச் சான்றிதழில் எம்பிஏ என்று மட்டுமே இருக்கும். எடுத்த பாடங்கள் மதிப்பெண் பட்டியலில் நிற்கும். ஆகவே இது தலையெழுத்தை எழுதுகிற முடிவு இல்லை. முதல் வேலை எந்தக் கதவு வழியாக வரும், நேர்முகத்தில் எதைப் பற்றி உங்களால் அரை மணி நேரம் பேச முடியும் என்பதை இது தீர்மானிக்கும். அதுவே பெரிய விஷயம்தான்.

பாடத்தின் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். அந்தப் பாடம் கொண்டுபோய் விடுகிற வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையை வருஷக்கணக்கில் உங்களால் வாழ முடியுமா? நான் கேட்கச் சொல்வது இதை மட்டும்தான்.

விற்பனையும் விநியோகமும் படித்தவரின் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலையில் ஸ்டாக்கிஸ்ட் (கம்பெனிச் சரக்கை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு விற்கிறவர்) குடோனில் சேல்ஸ்மேன்களோடு நின்றபடியே ஒரு கூட்டம். எந்தச் சரக்கு தேங்கியிருக்கிறது, கடைகளுக்கான எந்தச் சலுகை ஸ்கீம் இன்றோடு முடிகிறது என்று பார்த்துவிட்டு லைனுக்குக் கிளம்ப வேண்டும். நாற்பது கடை. தேவகோட்டையில் ஒரு மளிகைக்கடை ஆச்சி என்னைப் பார்த்ததும் பில் புத்தகத்தைத் தொடமாட்டார். "போன மாச டேமேஜை எடுத்துட்டு அப்புறம் ஆர்டர் கேளாத்தா" என்பார். டேமேஜ் என்றால் கெட்டுப்போன, உடைந்த சரக்கு. அவர் சொல்வது நியாயம். அந்த டேமேஜுக்குக் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டு, பணம் வந்து, ஸ்டாக்கிஸ்ட் கணக்கில் ஏறிய பிறகுதான் அந்தக் கடையில் புது சோப்பு அலமாரி ஏறும். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு விற்பது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக பிரைமரியை மட்டும் தள்ளிவிட்டால் அடுத்த மாதம் குடோன் நிறைந்து கிடக்கும், ஸ்டாக்கிஸ்ட் போனை எடுக்கமாட்டார். புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற இந்த விஷயம்தான் அந்த வேலையின் முக்கால்வாசி. மனிதர்களோடு மல்லுக்கட்டுவதில் உங்களுக்குச் சந்தோஷம் உண்டென்றால் தாராளமாக எடுங்கள். வேலைவாய்ப்பும் இதில்தான் அதிகம்: சோப்பு, பிஸ்கட், மருந்து, பெயின்ட், சிமென்ட், எல்லோருக்கும் ஆள் வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்கு லைன் வேலை எதுக்கு மேடம்?" என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். அவர்கள் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அதைத் துல்லியமான கேள்விகளாக மாற்றச் சொல்வேன். எந்த ஏரியா? இரவு தங்க வேண்டிவருமா? வண்டிக்கும் பெட்ரோலுக்கும் படி உண்டா? வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது? இதையெல்லாம் நேர்முகத்திலேயே கேளுங்கள். ஸ்டாக்கிஸ்ட் வீட்டுப் பெண்கள் எனக்குச் செய்த உதவியை இன்றும் மறக்கவில்லை. பெண் என்பதால் இந்தப் பாடத்தைத் தாண்டிப்போக வேண்டிய அவசியம் துளியும் கிடையாது.

சந்தை ஆய்வும் நுகர்வோர் நடத்தையும் என் மனசுக்கு நெருக்கமானவை. கேள்வி கேட்கத் தெரிவதுதான் இதில் தொழில். நம் ஊர்ப் பலகாரக் கடை ஒன்றின் வாசலில் நின்று "இந்த மணகோலம் பிடிக்குமா?" என்று கேட்டுப்பாருங்கள். நூற்றுக்கு நூறு பேரும் ஆமாம் என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "கடைசியாக எப்போது வாங்கினீர்கள், யாருக்காக, எவ்வளவு, வேறு எங்கே விசாரித்தீர்கள்?" என்று கேளுங்கள். மகளுக்குச் சென்னைக்கு அனுப்ப, சிங்கப்பூர் போகிற தம்பி கையில் கொடுத்துவிட, கல்யாணச் சீருக்கு என்று வரிசையாகக் காரணம் வரும். வாங்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் இன்னொருவர். அது தெரிந்த நிமிஷத்தில் டப்பாவின் அளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்க வேண்டும், விளம்பரத்தை யாரைப் பார்த்துப் பேச வேண்டும் எல்லாம் மாறிவிடும். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் புள்ளியியல் காத்திருக்கிறது. கிராஸ் டேப், ரிக்ரெஷன், ஃபேக்டர் அனாலிசிஸ், கன்ஜாயின்ட் என்று பதில்களை அலசுகிற முறைகளை எல்லாம் கையால் செய்து பழக வேண்டும். முதலாண்டுப் புள்ளியியலில் தேறினால் போதும் என்று இருந்தவர்கள் இதை எடுத்தால் திணறுவார்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைத்தான் இப்போது பாதி வகுப்பு கேட்கிறது. நேற்று எவ்வளவு செலவானது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், ஒரு விசாரிப்புக்கு எவ்வளவு ஆனது என்ற கணக்கோடுதான் அங்கே காலை விடியும். ரீல்ஸ் போடுவது அதில் சிறு துண்டு. என் கருத்தைச் சொல்கிறேன்: இதில் ஒரு பாடம் எடுங்கள், எல்லா இடத்தையும் இதற்கே கொடுக்காதீர்கள். இணையதளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நின்று எல்லோரும் அதன் புது வடிவமான ஜிஏ4-க்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கு முன் அச்சான பாடப்புத்தகத்தின் அந்த அத்தியாயம் அப்படியே பழசாகிவிட்டது. கருவிகளை கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற பயிற்சித் தளத்தில் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். கல்லூரி நேரத்தை நுகர்வோர் நடத்தைக்கும் ஆய்வுக்கும் கொடுங்கள்; கருவி மாறினாலும் அவை கைகொடுக்கும்.

பிராண்டு மேலாண்மை படிக்கச் சுவையான பாடம். பெரிய கம்பெனிகளின் பிராண்டு வேலைகள் பெரும்பாலும் சில முன்னணிக் கல்வி நிறுவனங்களுக்கே போகின்றன; அவர்களும் முதலில் சில மாதங்கள் விற்பனையில் ஊர் சுற்றிவிட்டுத்தான் மேஜைக்கு வருகிறார்கள். குடும்பத்தில் சொந்தத் தொழில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் எடுக்கலாம். 2019-இல் நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் தனி ஒரு கடையின் சொத்து ஆகாது. இங்கே முறைப்படி நெய்கிற எல்லோருக்கும் அது பொது. அதன்மேல் தன் கடைக்கென்று ஒரு பெயரை எப்படி நிறுத்துவது என்பது நல்ல பிராண்டுப் பாடம்.

நிறுவனங்களுக்கு விற்கிற பிசினஸ் மார்க்கெட்டிங்கைப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம். ஆத்தங்குடிக்குப் போய் தரைக்குப் பதிக்கிற பூக்கல் (டைல்ஸ்) செய்யும் ஒரு பட்டறையில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் இட்டு, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். எல்லாம் கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் நிறம் சற்று மாறும். வாங்குகிறவர்களில் பலர் கட்டட வடிவமைப்பாளர்கள். அவர்களுக்கு மாதிரி அனுப்ப வேண்டும், நிறம் மாறுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், எத்தனை நாளில் இத்தனை சதுர அடி வரும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஆர்டர் முடிய மாதங்கள் ஆகலாம். பொறுமையும் கணக்கும் உள்ள, அதிகம் பேசாத பிள்ளைகளுக்கு ஏற்ற துறை இது. பொறியியல் முடித்துவிட்டு எம்பிஏ வந்தவர்களுக்கு இன்னும் பொருத்தம்.

சர்வதேச மார்க்கெட்டிங் என்றால் விமானம் ஏறலாம் என்று நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் ஏறுவது காகிதம்தான். பலகாரம் மலேசியாவுக்குப் போக ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், சரக்கின் வகையைச் சொல்கிற எச்எஸ் குறியீடு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், அந்த நாட்டு விதிப்படி லேபிள் என்று அடுக்கடுக்காக வரும். ஒழுங்காகக் கோப்பு வைக்கிறவர்கள் இதில் ஜொலிப்பார்கள். சேவை மார்க்கெட்டிங் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் ஓட்டல்களாகியிருப்பதைப் பார்த்தாலே புரியும். 1981-இல் பூம்ஸ், பிட்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கு பி-க்களோடு சேர்த்த மனிதர்கள், செயல்முறை, கண்ணில் படும் சூழல் மூன்றும் அந்த முற்றத்திலேயே கிடைக்கும். மருத்துவமனை, வங்கி, ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள் எடுக்கலாம்.

சரி, எப்படி முடிவெடுப்பது? நகரத்தார் கடைகள் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த காலத்தில் பையனைப் பெட்டியடியில்தான் (கடையின் பணப்பெட்டி அருகே) முதலில் உட்காரவைத்தார்கள். வேலை தெரிந்த பிறகுதான் அடுத்தாள், அதாவது முதலாளியின் ஏஜென்டுக்கு உதவியாள் ஆனான். நீங்களும் விடுமுறையில் வேலையைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஊரில் ஒரு ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டு ஒரு வாரம் சேல்ஸ்மேனோடு லைன் போங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அடுத்து, முப்பது பேரிடம் பத்துக் கேள்வி கேட்டு, பதில்களை எக்செலில் நீங்களே ஏற்றுங்கள். தெரிந்த கடைக்கு ஐந்நூறு ரூபாயில் ஒரு விளம்பரம் ஓட்டி, அதனால் எத்தனை போன் வந்தது என்று எழுதிவையுங்கள். எதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எதற்கு மறுநாள் கிளம்ப மனசு வரவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரட்டை ஸ்பெஷலைசேஷன் (இரண்டு துறைகளில் பாடம் எடுக்கும் வசதி) இருக்கிற கல்லூரி என்றால், விற்பனை பக்கம் போகிறவர்கள் ஃபைனான்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன், வசூல் கணக்கு புரியும். ஆய்வு, டிஜிட்டல் பக்கம் போகிறவர்களுக்கு அனலிட்டிக்ஸ், அதாவது தரவுகளை அலசுகிற பாடம்.

கோடை விடுமுறை ப்ராஜெக்டையும் அதே பாடத்தில் வையுங்கள். நேர்முகத்தில் முதலில் தோண்டுவது அதைத்தான். கடையில் வாங்கிய ரிப்போர்ட் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

படிவம் கொடுப்பதற்கு முன் துறைத் தலைவரை நேரில் பாருங்கள். அந்தப் பாடத்தை யார் எடுக்கிறார்கள், குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் நடத்துவார்கள், சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆள் சேராமல் பாடம் நின்றுபோவது நம் பக்கத்துக் கல்லூரிகளில் சகஜம். பிசினஸ் மார்க்கெட்டிங் மாதிரி ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால், நண்பர்கள் நாலைந்து பேரிடம் முன்கூட்டியே பேசி, பெயர்களைக் கடிதமாக எழுதி, அவர்களையும் கூட்டிக்கொண்டே போங்கள்.