தகுதியில்லாமல் பட்டம் வென்றவர் யார்? விவாதத்தை முறையாக நடத்த ஒரு வழிகாட்டி

பட்டத்துக்குக் கொஞ்சமும் தகுதியில்லாத சாம்பியன் யார் என்ற கேள்வி ரசிகர்களிடையே எழுந்தால், பேச்சு சிறிது நேரத்திலேயே அணிச் சண்டையாக மாறிவிடுகிறது. ஒருவர் இறுதி ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் தொடர் முழுவதையும் பேசுகிறார். இருவருமே தாம் சொல்வதுதான் நியாயம் என்று நம்புகிறார்கள். ஆகவே பெயர்களை எடுப்பதற்கு முன்பே அளவுகோலை முடிவுசெய்துகொள்ளுங்கள். 1954 உலகக் கோப்பைக் கால்பந்து இதற்கு நல்ல பாடம். நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத ஹங்கேரி, குழு ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. பெர்ன் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது. அக்காலத்தின் மிகச் சிறந்த அணிக்கே பட்டம் என்றால் அது ஹங்கேரிக்குப் போயிருக்க வேண்டும். அன்றைய ஆட்டத்தில் வென்றவருக்கே பட்டம் என்றால், முதல் எட்டு நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கியும் மீண்டெழுந்த ஜெர்மனியிடம் குறை காண இடமில்லை. எந்த அளவுகோலை ஏற்றாலும் சரி, விவாதம் முடியும்வரை அதை மாற்றக்கூடாது.

அடுத்த படிதான் மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன்: குற்றச்சாட்டு யார் மீது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தகுதியற்ற பட்டம் என்று நாம் கொதிக்கும் நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் தவறு செய்தவர் சாம்பியன் அல்லர்; நடுவரோ, விதியை எழுதியவரோ, போட்டியை நடத்தியவரோதான். 1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இலக்கில் இறக்கினார் என்றும், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 மட்டுமே இறக்கினார் என்றும் கணக்கிடப்பட்டது. ஆனாலும் 3-2 என்ற தீர்ப்பில் தங்கம் பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பை, வெள்ளி வென்ற ஜோன்ஸுக்கே வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் அந்தத் தங்கத்தின் சுமையோடு வாழ்ந்த பார்க், பிற்பாடு ஜோன்ஸை நேரில் சந்தித்துப் பதக்கத்தை அவர் கையிலேயே ஒப்படைத்தார். பட்டம் தகுதியற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் பெற்ற மனிதரை இழிவாகப் பேசுவது அநியாயம். இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்தவர்களோடுதான் இந்த விவாதத்தை நடத்த முடியும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வழக்கிலும் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்: சர்ச்சைக்குரிய அந்த ஒரு தவறை நீக்கிவிட்டால் முடிவு உறுதியாக மாறியிருக்குமா, மாறியிருக்கக்கூடுமா, மாறவே மாறாதா? இந்த மூன்று பதில்களுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியை எடுத்துக்கொள்வோம். கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு மூன்று பந்துகளில் ஒன்பது ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர்கள் ஆறு ஓட்டங்கள் கொடுத்தார்கள். பந்து எறியப்பட்ட கணத்தில் மட்டையாளர்கள் இரண்டாவது ஓட்டத்துக்காக ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை என்பதால், விதிப்படி ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபல் சுட்டிக்காட்டினார். அப்படிக் கொடுத்திருந்தால் இரண்டு பந்துகளில் நான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டிருக்கும். பந்தை எதிர்கொண்டிருப்பவரும் ஸ்டோக்ஸ் அல்லர், அடில் ரஷீத். நியூசிலாந்தின் வாய்ப்பு பெரிதும் கூடியிருக்கும் என்பது உண்மை. ஆனால் வெற்றி உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே ஆட்டத்தின் இன்னொரு சர்ச்சை முற்றிலும் வேறு வகையானது. இரு அணிகளும் 241 ஓட்டங்களில் சமன் செய்து, சூப்பர் ஓவரிலும் தலா 15 எடுத்தபின், அதிகப் பவுண்டரி அடித்த அணிக்கே வெற்றி என்ற விதிப்படி, 26-க்கு 17 என்ற கணக்கில் இங்கிலாந்து வாகை சூடியது. இங்கே நடுவர் எந்தத் தவறும் செய்யவில்லை, விதிதான் மோசமானது. அது மோசம் என்பதை ஒப்புக்கொள்வதுபோல, சில மாதங்களிலேயே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதை மாற்றி, வெற்றியாளர் கிடைக்கும்வரை சூப்பர் ஓவர் தொடரும் என்று அறிவித்தது. ஆயினும் தொடர் தொடங்கும் முன்பே எழுதப்பட்டு இரு அணிகளுக்கும் தெரிந்திருந்த விதி அது. எனவே ஓவர்த்ரோ (எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது), பவுண்டரிக் கணக்கு ஆகிய இரண்டு புகார்களையும் ஒரே மூச்சில் கலந்து பேசாதீர்கள். தனித்தனியாக எடுத்துத் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லுங்கள். லீக் சுற்றில் இங்கிலாந்து இதே நியூசிலாந்தை 119 ஓட்டங்களில் வென்றதையும் மறக்காமல் தராசில் வையுங்கள்.

ஒரு பருவம் முழுவதும் நடக்கும் போட்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. 2021 ஃபார்முலா ஒன் பட்டப் போட்டியில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் லூயிஸ் ஹாமில்டனும் 369.5 புள்ளிகளுடன் சமநிலையில், கடைசிப் பந்தயம் நடந்த அபுதாபிக்கு வந்தார்கள். ஒரு சுற்று பின்தங்கிய கார்களில், இவ்விருவருக்கும் இடையே இருந்த ஐந்தை மட்டும் முந்திச் செல்ல அனுமதித்துப் பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி எடுத்த முடிவால், கடைசிச் சுற்றில் புதிய டயர்களுடன் இருந்த வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்தினார். மனிதத் தவறு நேர்ந்ததாகச் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அந்தப் பந்தயத்தின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் பட்டம் 22 பந்தயங்களுக்குரியது, வெர்ஸ்டாப்பன் அவற்றில் 10-ஐயும் ஹாமில்டன் 8-ஐயும் வென்றவர்கள்.

விளையாட்டு சலிப்பூட்டியது என்ற புகாரை உடனே தள்ளிவிடலாம். 2004 ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிரேக்க அணி நாக்-அவுட் ஆட்டங்கள் மூன்றையும் 1-0 என்றே முடித்தது. அது நடப்புச் சாம்பியன் பிரான்ஸையும், போட்டியை நடத்திய போர்ச்சுகலை இருமுறையும் வீழ்த்தியது. தற்காத்து ஆடுவது குற்றமாகாது. அதிர்ஷ்டம் என்ற புகாரையும் நிதானமாகவே அணுக வேண்டும்: 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் 1000 மீட்டர் குறுந்தடப் பனிச்சறுக்கில், கடைசி வளைவில் மற்ற நால்வரும் விழுந்துவிட, பின்தங்கி வந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் வென்றார். பிறர் மோதிக்கொள்ளக்கூடும் என்று எதிர்பார்த்தே அவர் விலகி ஓடினார் என்பது பலருக்குத் தெரியாது.

சிறந்த போட்டியாளர் களத்தில் இல்லை என்பது புகாரானால், சாம்பியன் பின்னர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1975-இல் அப்போதைய சாம்பியன் பாபி ஃபிஷர் ஆட மறுத்ததால் ஒரு காய்கூட நகர்த்தாமல் உலகச் சதுரங்கப் பட்டம் பெற்ற அனத்தோலி கார்ப்போவ், 1978-இலும் 1981-இலும் விக்டர் கோர்ச்னாயை வென்று அதைத் தக்கவைத்தார்.

விவாதம் சூடாகும்போது கைக்கொள்ள ஒரு நடைமுறை உண்டு: குற்றம் சாட்டுபவர், தீர்ப்புக்கு முன் ஐந்து நிமிடம் அதே சாம்பியனுக்காக வாதாட வேண்டும். தங்கள் அணி தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இதைக் கட்டாயமாக்குங்கள். ஆட்டத்தின் சுருக்கக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களின் வாக்கை நான் எண்ண மாட்டேன்.

இந்தப் படிகளின்படி என் பட்டியலில் முதலிடம் சியோல் 1988-க்கு. இரண்டாவது, 1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதி: அமெரிக்கா 50-49 என்று முன்னிலையில் இருக்க, கடைசி மூன்று விநாடிகள் மீண்டும் மீண்டும் ஆடவைக்கப்பட்டு சோவியத் ஒன்றியம் 51-50 என்று வென்றது; அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். இறுதியாக ஒருமுறை கடிகாரத்தைத் திருப்பி வைத்ததை நீக்கினால் முடிவு உறுதியாக மாறுகிறது. அபுதாபியை மூன்றாமிடத்தில் வைக்க விரும்புபவர், அந்த 10 வெற்றிகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.